ஒரு கல்லூரி கோச்சை மேஜர் லீக் அணி ஏன் அழைத்தது? டோனி விட்டெல்லோவும் டென்னசி பேஸ்பாலும்

2025 அக்டோபர் 22 அன்று சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி டோனி விட்டெல்லோவைத் தன் புதிய மேனேஜராக அறிவித்தது. பேஸ்பாலை விடாமல் பார்க்கிறவர்களே அன்று குழம்பிப் போனார்கள். விட்டெல்லோ மேஜர் லீகில், அதாவது அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை பேஸ்பால் லீகில், ஆடியதில்லை. அதற்குக் கீழே உள்ள மைனர் லீகிலும் ஆடியதில்லை, பயிற்சி கொடுத்ததும் இல்லை. அவருடைய வேலை எல்லாமே கல்லூரிகளில்தான், கடைசி எட்டு சீசன்கள் டென்னசி பல்கலைக்கழகத்தில். இப்படி ஒருவர் கல்லூரியிலிருந்து நேராக மேஜர் லீக் அணியின் தலைமைக்கு வந்தது இதுவே முதல் முறை.

1979இல் ஃபுளோரிடா ஸ்டேட் கல்லூரியின் கோச்சாக இருந்த டிக் ஹவுசர் மறு ஆண்டே நியூயார்க் யாங்கீஸ் மேனேஜர் ஆனார் என்பது உண்மைதான். ஆனால் அவர் அதற்கு முன்பே மேஜர் லீகில் ஆடியவர், யாங்கீஸிலேயே கோச்சாக இருந்தவர். விட்டெல்லோவுக்கு அந்தப் பின்னணி எதுவும் இல்லை.

இந்த முடிவு புரிய வேண்டுமென்றால், அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் கோச் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். ஆட்ட நாளில் டிவியில் நாம் பார்ப்பது அந்த வேலையில் சிறு பங்குதான். பெரும்பங்கு ஆள் சேர்ப்பது, இருக்கிற உதவித்தொகையைப் பங்கிடுவது, சேர்த்தவர்களை வளர்ப்பது, வளர்ந்தவர்களை விடாமல் வைத்துக்கொள்வது.

முதலில் கொஞ்சம் அடிப்படை

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை என்சிஏஏ என்ற அமைப்பு நடத்துகிறது. அதன் முதல் பிரிவில் மட்டும் சுமார் 300 பேஸ்பால் அணிகள். சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்கி ஜூன் கடைசி வரை போகும். ஒவ்வொரு அணியும் 56 ஆட்டங்கள் வரை ஆடலாம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டம், அப்புறம் வார நடுவில் ஒன்று. இதுதான் வழக்கமான வாரம்.

அணிகள் ‘கான்ஃபரன்ஸ்’ என்ற குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. டென்னசி இருப்பது எஸ்இசி என்ற தென்கிழக்கு மாநிலங்களின் குழுவில். பேஸ்பாலில் இதைவிடக் கடினமான குழு இல்லை என்றே சொல்லலாம். இப்போது அதில் 16 அணிகள், ஒவ்வொன்றுக்கும் குழுவுக்குள்ளேயே 30 ஆட்டங்கள்.

சீசன் முடிவில் 64 அணிகள் தேசியப் போட்டிக்குப் போகும். 16 ஊர்களில் நான்கு நான்கு அணிகளாக மோதும். இரண்டு முறை தோற்றால் வெளியே. மிஞ்சும் 16 அணிகள் இரண்டிரண்டாக மூன்று ஆட்டத் தொடர் ஆடும், இதற்கு சூப்பர் ரீஜனல் என்று பெயர். அதில் ஜெயிக்கும் எட்டு அணிகள் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகருக்குப் போகும். அதுதான் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ். 1950 முதல் அங்கேயே நடப்பதால், “ஒமாஹா போனோம்” என்று சொன்னாலே கல்லூரி பேஸ்பாலில் அது பெரிய சாதனை.

இன்னொரு சொல் விளக்கம். கிரிக்கெட்டில் களத்து முடிவுகளை எடுப்பது கேப்டன். பேஸ்பாலில் அந்த வேலை டக்அவுட்டில், அதாவது மைதான ஓரத்தில் அணி உட்காரும் இடத்தில், இருப்பவருடையது. யார் பந்து வீசுவது, எப்போது மாற்றுவது, யார் எத்தனையாவதாக பேட் பிடிப்பது என்று எல்லாம் அவர்தான் முடிவு செய்வார். அவரை மேஜர் லீகில் மேனேஜர் என்பார்கள், கல்லூரியில் ஹெட் கோச் என்பார்கள். பெயர் வேறு என்பது மட்டுமில்லை, வேலையும் வெகுவாக வேறு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

11.7 என்ற விசித்திரமான எண்

கல்லூரி பேஸ்பால் கோச்சின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் ஆட்டிவைத்தது 11.7 என்ற எண். 2025 வரை என்சிஏஏ விதிப்படி ஒரு பேஸ்பால் அணிக்கு மொத்தம் 11.7 முழு உதவித்தொகைகள்தான். அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு 85. பேஸ்பால் அணியில் 35 பேர் இருப்பார்கள். 27 பேருக்கு வரைதான் உதவித்தொகை கொடுக்க முடிந்தது, கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 25 சதவீதம் கொடுக்க வேண்டியிருந்தது.

நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் குழப்பம் வரும். அங்கே இடம் கிடைப்பது ஒரு விஷயம், கட்டணம் தள்ளுபடியாவது வேறு விஷயம். ஒரு கோச் கணக்கு போடுவதை உதாரணமாகப் பாருங்கள். நான்கு முதன்மை பிட்சர்களுக்கு (பந்து வீசுகிறவர்கள்) 60 சதவீதம் கொடுத்தால் 2.4 போய்விடும். கேட்சர், ஷார்ட்ஸ்டாப் உள்ளிட்ட ஐந்து முக்கிய ஆட்டக்காரர்களுக்குப் பாதிப் பாதி என்றால் 2.5. அடுத்த எட்டு பேருக்கு 45 சதவீதம், அது 3.6. மிச்சம் பத்து பேருக்கு 32 சதவீதம், அது 3.2. கூட்டினால் சரியாக 11.7. 27 பேரும் முடிந்துவிட்டார்கள். மீதி எட்டு பேர் சொந்தச் செலவில் படிக்க வேண்டும். முதல் வரிசையில் இருக்கும் பிட்சரே நூற்றுக்கு நாற்பது தன் கையிலிருந்து கட்டினார்.

ஒரு பையன் வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசும்போது கோச் கையில் இருந்தது இந்த 45 சதவீதம்தான். பக்கத்து மாநிலக் கல்லூரி 50 தருவதாகச் சொல்லியிருக்கும். தொழில்முறை அணி ஒன்று கையெழுத்துப் போட்டால் லட்சக்கணக்கான டாலர் என்று சொல்லியிருக்கும். அந்த வீட்டில் ஒரு கோச்சால் என்ன சொல்லி நம்பிக்கை ஏற்படுத்த முடிகிறது என்பதில்தான் ஒரு அணியின் அடுத்த மூன்று ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன.

அரசுத் திட்டங்களும் இங்கே புகுந்து விளையாடுகின்றன. டென்னசி மாநிலம் லாட்டரி வருமானத்திலிருந்து ஹோப் என்ற உதவித்தொகையை உள்ளூர் மாணவர்களுக்குத் தருகிறது. அது மதிப்பெண் அடிப்படையில் வருவது, 11.7க்குள் அடங்கவில்லை. அப்படிப்பட்ட திட்டம் இல்லாத மாநிலத்துக் கோச்சுக்கு அந்த வசதி இருக்கவில்லை. ‘எல்லோருக்கும் ஒரே வரம்பு’ என்ற விதி நடைமுறையில் சமமாக இருந்ததே இல்லை.

உதவி கோச்சாகப் பதினைந்து ஆண்டுகள்

விட்டெல்லோ 1978இல் செயின்ட் லூயிஸில் பிறந்தவர். அப்பா அங்கே ஒரு பள்ளியில் பல பத்தாண்டுகள் பேஸ்பாலும் கால்பந்தும் சொல்லிக்கொடுத்தவர். மகன் மிசௌரி பல்கலைக்கழக அணியில் ஆடினார், அப்புறம் 2003 முதல் அங்கேயே உதவி கோச். 2011 முதல் டெக்சாஸ் கிறிஸ்டியன், 2014 முதல் ஆர்கன்சா. மூன்று இடங்களிலும் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஆள் சேர்ப்பு.

மிசௌரியில் அவர் உதவி கோச்சாக இருந்தபோது அந்த அணியில் சேர்ந்த ஒரு பையனின் கதையை மட்டும் சொல்கிறேன். மேக்ஸ் ஷெர்சரை 2003இல், பள்ளி முடித்த கையோடு, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி டிராஃப்டில் 43ஆவது சுற்றில் எடுத்தது. டிராஃப்ட் என்பது தொழில்முறை அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுச் சடங்கு. 43ஆவது சுற்று என்றால், ‘வந்தால் வா’ என்று அர்த்தம். ஷெர்சர் போகவில்லை, கல்லூரிக்கு வந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 2006 டிராஃப்டில், அரிசோனா அணி அவரை மொத்தத்தில் 11ஆவது ஆளாக எடுத்தது. பின்னாளில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்று முறை வாங்கினார்.

கல்லூரியை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்கும் பெற்றோருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. விதி இன்னொரு பக்கம் கோச்சுக்கு உதவுகிறது. நான்கு ஆண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடியும் வரை அல்லது 21 வயதாகும் வரை டிராஃப்டில் எடுக்கப்பட முடியாது. சேர்த்த பையன் மூன்று ஆண்டு கையில் இருப்பான். அந்த மூன்று ஆண்டில் அவனை என்ன ஆக்குகிறீர்கள் என்பதே கேள்வி.

டென்னசியில் நடந்தது

2017 ஜூனில் விட்டெல்லோ பொறுப்பேற்றபோது டென்னசி கடைசியாக தேசியப் போட்டிக்குப் போனது 2005இல். முதல் சீசன் 29 வெற்றி, 27 தோல்வி. 2019இல் 40 வெற்றியோடு தேசியப் போட்டிக்குத் திரும்பினார்கள். 2020இல் 17 ஆட்டத்தில் 15 ஜெயித்த நிலையில் கொரோனா சீசனையே நிறுத்திவிட்டது. 2021இல் ஒமாஹா.

2022 தனியாகப் பேச வேண்டிய ஆண்டு. 57 வெற்றி, 9 தோல்வி. நாட்டிலேயே முதலிடம். பென் ஜாய்ஸ் என்ற பிட்சர் மணிக்கு 105.5 மைல், அதாவது கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர் வேகத்தில் வீசினார். ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லையைத் தாண்டும் அடி) அடித்தவருக்கு டக்அவுட்டில் ஃபர் கோட் போர்த்திக் கொண்டாடுவார்கள். அந்த ஏப்ரலில் நடுவரை நெஞ்சால் மோதியதற்காக விட்டெல்லோவுக்கு நான்கு ஆட்டத் தடை. ‘திமிர் பிடித்த அணி’ என்று நாடு முழுக்கப் பேச்சு. கடைசியில் சூப்பர் ரீஜனலில், சொந்த மைதானத்தில், நோட்ர டேமிடம் மூன்றில் இரண்டு ஆட்டம் தோற்று ஒமாஹாவுக்கே போகவில்லை.

நடுவரிடம் அப்படி நடந்துகொண்டது தவறுதான், அதில் சப்பைக்கட்டு வேண்டாம். ஆனால் ஒரு அணி நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பது அந்தத் தோல்விக்கு அடுத்த ஆண்டுதான் தெரிந்தது. 2022 அணியின் முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் டிராஃப்டில் போய்விட்டார்கள். 2023இல் 22 ஆட்டம் தோற்றும் ஒமாஹா போனார்கள். 2024இல் 60 வெற்றி, 13 தோல்வி, கோப்பை.

அந்த ஒமாஹாவில் ஃபுளோரிடா ஸ்டேட்டோடு ஆடிய முதல் ஆட்டத்தை ஒருமுறை பார்த்தால் போதும். ஒன்பதாவது இன்னிங்ஸில் டென்னசி கடைசியாக பேட் பிடிக்க வரும்போது எதிரணி 11, இவர்கள் 8. அங்கிருந்து ரன் சேர்த்து, டிலன் டிரெய்லிங் அடித்த அடியில் 12-11 என்று ஜெயித்தார்கள். அதே ஆட்டத்தில் கிறிஸ்டியன் மூர் சிங்கிள், டபுள், டிரிபிள் (ஒன்று, இரண்டு, மூன்று தளம் ஓட வைக்கும் அடிகள்), ஹோம் ரன் நான்கையும் அடித்தார். காலேஜ் வேர்ல்ட் சீரிஸில் 1956க்குப் பிறகு யாரும் அதைச் செய்ததில்லை. இறுதித் தொடரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிடம் முதல் ஆட்டம் தோற்று, அடுத்த இரண்டையும் ஜெயித்தார்கள். முதல் தரவரிசையோடு போட்டிக்குள் வந்த அணி கோப்பை வாங்குவது 1999க்குப் பிறகு அதுவே முதல் முறை.

எட்டு சீசன்களின் மொத்தக் கணக்கு 341 வெற்றி, 131 தோல்வி.

இந்த வெற்றி எதனால் நிலைத்தது?

1. பிட்சர்களின் எண்ணிக்கை. வார இறுதிக்கு மூன்று நல்ல பிட்சர் போதும். தேசியப் போட்டியில் நான்கு நாளில் நான்கைந்து ஆட்டம் வரலாம், அங்கே மூன்று பேர் போதாது. வார நடு ஆட்டங்களில் முதலாம் ஆண்டுப் பையன்களை வீச வைத்து பத்து, பன்னிரண்டு கைகளைத் தயார் செய்வதுதான் ஜூன் மாதத்துக்கான முதலீடு. இந்தத் துறையை ஃபிராங்க் ஆண்டர்சன் என்ற அனுபவசாலியிடம் விட்டெல்லோ ஒப்படைத்தார்.

2. பலம் எதுவோ அதற்கேற்ற ஆட்டம். 2024 அணி 184 ஹோம் ரன் அடித்தது. ஒரே அணியில் ஐந்து பேர் ஆளுக்கு 20க்கு மேலோ அதற்குச் சமமாகவோ அடித்தது கல்லூரி வரலாற்றில் அதற்கு முன் நடக்காதது.

3. வெளியிலிருந்து வருகிறவர்கள். ஜாய்ஸ் ஒரு இரண்டாண்டுக் கல்லூரியிலிருந்து வந்தவர். சேஸ் டோலாண்டர் ஜார்ஜியா சதர்னிலிருந்து, பில்லி அமிக் கிளெம்சனிலிருந்து. லியம் டோயில் 2023இல் கோஸ்டல் கரோலைனா, 2024இல் ஓல் மிஸ், 2025இல் டென்னசி. அந்தக் கோடையிலேயே டிராஃப்டில் ஐந்தாவது ஆளாகப் போய்விட்டார்.

4. நிர்வாகத்தின் பணம். லிண்ட்சே நெல்சன் ஸ்டேடியத்தைப் புதுப்பித்தார்கள். கோப்பை வென்ற பிறகு கோச்சின் சம்பளம் ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் ஆனது, கல்லூரி பேஸ்பாலில் அப்போது அதுவே உச்சம்.

இந்த நான்கில் எதுவும் ஆட்ட நாளில் எடுக்கும் முடிவு இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு முன்னோடி பேட்டன் ரூஜில்

நான்காவது விஷயத்தை முதலில் செய்து காட்டியவர் ஸ்கிப் பெர்ட்மன். மயாமி பீச்சில் பள்ளி கோச், அப்புறம் மயாமி பல்கலைக்கழகத்தில் உதவி கோச். 1984 சீசனிலிருந்து லூயிசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகரில் உள்ள எல்எஸ்யூ பல்கலைக்கழக அணி அவர் கைக்கு வந்தது. அதுவரை அந்த அணி ஒரே ஒருமுறைதான் தேசியப் போட்டியை எட்டிப் பார்த்திருந்தது. கல்லூரியில் பேஸ்பால் என்றால் செலவுக் கணக்கு, ஃபுட்பால் சம்பாதிப்பதில் ஓடுவது என்பதுதான் அன்றைய நிலை. பெர்ட்மன் ஊர் ஊராகச் சங்கக் கூட்டங்களில் பேசி சீசன் டிக்கெட் விற்றார். ரசிகர்கள் வந்தார்கள், வருமானம் வந்தது, அதன் பின் நல்ல ஆட்டக்காரர்கள் வந்தார்கள். இந்த வரிசையை அவர் மிகச் சரியாகப் பிடித்தார் என்பது என் கருத்து.

1991, 1993, 1996, 1997, 2000 என்று ஐந்து கோப்பைகள், 870 வெற்றிகள். 1996 இறுதியாட்டத்தில் அவருடைய பழைய கல்லூரியான மயாமிக்கு எதிராக ஒரு ரன் பின்தங்கி, கடைசி இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆன நிலையில், வாரன் மாரிஸ் முதல் பந்தையே ஹோம் ரன் அடித்தார். கை எலும்பு முறிந்து சீசனின் பெரும்பகுதி ஆடாதவர், அந்த ஆண்டில் அவர் அடித்த ஒரே ஹோம் ரன் அதுதான். மறு ஆண்டு எல்எஸ்யூ அடித்த 188 ஹோம் ரன்தான் இன்றும் கல்லூரிச் சாதனை. டென்னசியின் 184 நிற்பது அதற்கு அடுத்து.

விதிகள் மாறிய வேகம்

பெர்ட்மன் காலத்து விதிகள் ஏறத்தாழ 2020 வரை ஓடின. அதன் பிறகு ஒவ்வொன்றாக உடைந்தன.

2021 முதல் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் ஓராண்டு உட்கார வேண்டும் என்ற கட்டாயம் பேஸ்பாலிலும் போனது. அதே ஆண்டு ஜூலை 1 முதல், ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம். அதே காலத்தில் மேஜர் லீக் தன் டிராஃப்டை 40 சுற்றிலிருந்து 20 சுற்றாகக் குறைத்தது, இணைந்த மைனர் லீக் அணிகளையும் 160இலிருந்து 120 ஆக்கியது. பள்ளி முடித்த நூற்றுக்கணக்கான பையன்களுக்குத் தொழில்முறைக் கதவு சாத்தப்பட்டது, அவர்கள் கல்லூரிக்கு வந்தார்கள். கல்லூரி ஆட்டத்தின் தரம் இந்த ஆண்டுகளில் ஏறியதற்கு இது முக்கியக் காரணம்.

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ‘ஹவுஸ்’ வழக்கின், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்கள் பணம் கேட்டு என்சிஏஏ மீது தொடுத்த வழக்கின், சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 11.7 என்ற வரம்பு இல்லை. அணிக்கு 34 பேர், விரும்பினால் 34 பேருக்கும் முழு உதவித்தொகை கொடுக்கலாம். ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை எல்லா விளையாட்டுகளுக்குமாகச் சேர்த்து ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவும் பங்கிடலாம்.

60 சதவீதத்துக்குக் கணக்குப் பார்த்த பிட்சருக்கு இது நியாயமான மாற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் 34 முழு உதவித்தொகை கொடுக்க எத்தனை கல்லூரிகளுக்கு வசதி இருக்கிறது? பணமுள்ள எஸ்இசி அணி, சிறு கல்லூரி இரண்டு ஆண்டு வளர்த்த பிட்சரை மூன்றாம் ஆண்டு அழைத்துக்கொள்கிறது. இடங்கள் குறைந்து, வெளியிலிருந்து வருகிறவர்கள் கூடக் கூட, பதினெட்டு வயதுப் பையனுக்கு மெதுவாக வளர நேரம் கிடைப்பதில்லை. இந்த மாற்றத்தில் என்னை உறுத்துவது இதுதான்.

சரி, ஜயன்ட்ஸ் எதை வாங்கியது?

2025இல் ஜயன்ட்ஸ் 81 வெற்றி, 81 தோல்வி. மேனேஜர் பாப் மெல்வினை அனுப்பிவிட்டு, அணியின் பேஸ்பால் தலைவர் பஸ்டர் போஸி, விட்டெல்லோவைக் கொண்டுவந்தார். இளம் ஆட்டக்காரர்களை வளர்ப்பது, ஒரு அணிக்குள் வேகத்தை மூட்டுவது என்ற இரண்டிலும் விட்டெல்லோவின் எட்டு ஆண்டுக் கணக்கு கண்முன் இருக்கிறது. கல்லூரி அறிவு மேலே செல்லுபடியாகும் என்பதற்கும் சாட்சிகள் உண்டு. ஆர்கன்சாவின் பிட்சிங் கோச்சாக இருந்த வெஸ் ஜான்சன் நேராக மினசோட்டா ட்வின்ஸுக்குப் போனார், 2022இல் கல்லூரிக்கே திரும்பினார். அரிசோனா ஸ்டேட் கோச்சாக இருந்த பாட் மர்ஃபி, இடையில் பல ஆண்டுகள் தொழில்முறை அணிகளில் வேலை பார்த்துவிட்டு, 2024இல் மில்வாக்கி மேனேஜர் ஆனார்.

மாறப்போவது என்ன? 56 ஆட்டத்துக்குப் பதில் 162. வாரத்துக்கு நான்கு ஆட்டம் ஆடும் அணியை வெறியேற்றுகிற கோச், தினமும் ஆடும் அணியிடம் அதே சூட்டை ஆறு மாதம் எதிர்பார்க்க முடியாது. அவர் அணியின் ஆட்டக்காரர்களில் பலர் முப்பது வயதுக்காரர்கள், பலருக்கு மேனேஜரைவிடப் பல மடங்கு சம்பளம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் சேர்ப்பது இனி அவர் வேலை இல்லை. யாரை வாங்குவது, யாரை விற்பது என்று முடிவு செய்கிறவர் போஸி. இருபது ஆண்டுக்கு மேல் எதில் தேர்ந்தாரோ, அந்த ஒன்றைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

டென்னசி தன் பங்குக்குத் தாமதிக்கவில்லை. கோச் போய்விட்டால் ஆட்டக்காரர்களும் போகலாம் என்ற நிலையில், உள்ளேயே இருந்த உதவி கோச் ஜாஷ் எலாண்டரைத் தலைமைக்கு உயர்த்தியது. எலாண்டரை டெக்சாஸ் கிறிஸ்டியன் காலத்திலிருந்தே விட்டெல்லோவுக்குத் தெரியும்.

சான் பிரான்சிஸ்கோவிலும் தெரிந்த முகங்கள் காத்திருந்தன. 2022 அணியில் ஆடிய ட்ரூ கில்பர்ட்டும் பிளேட் டிட்வெலும் 2025 ஜூலையில்தான் நியூயார்க் மெட்ஸிடமிருந்து ஜயன்ட்ஸுக்கு வந்திருந்தார்கள். அதே மாதம் டிராஃப்டில் ஜயன்ட்ஸ் 13ஆவதாக எடுத்த கேவின் கிலன், லூயிவிலிலிருந்து மாறி வந்து டென்னசிக்கு ஒரு சீசன் ஆடியவர். ஒரு காலத்தில் இந்த மூவரையும் டென்னசிக்கு வரவைப்பது விட்டெல்லோவின் வேலை. இப்போது அவர்களுக்கு ஆட இடம் உண்டா இல்லையா என்று சொல்வது அவர் வேலை.